நின்ற வண்டியும் ஓடும் வண்டியே

வண்டி ஓட்டுதல் என்னும் செயல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற கேள்வி சட்டம் படித்தவர்களுக்கு மட்டும் உரிய நுணுக்கம்போலத் தோன்றினாலும், நகரச் சாலைகளில் சிவப்பு விளக்கின் முன் நிற்கும் ஒவ்வொரு ஓட்டுநரும் அதற்குத் தம்மளவில் ஒரு விடையை வைத்துக்கொண்டே நிற்கிறார். சிவப்பு விழுந்ததும் ஸ்டியரிங்கை விட்டுக் கை கைப்பேசிக்குப் போகுமானால், வண்டி நின்றவுடன் ஓட்டுதலும் நின்றுவிட்டது என்பதே அவருடைய விடை. ஓடும் வண்டியில் கைப்பேசியைத் தொடுவது தவறு என்று மனமார ஒப்புக்கொள்பவர்கள்கூட, நிற்கும் வண்டியில் அதைத் தொடுவதைத் தவறாக எண்ணுவதில்லை; சக்கரம் சுழலாதபோது யாருக்கு என்ன தீங்கு என்று கேட்கிறார்கள். இதைப் பொறுப்பற்றவர்களின் பேச்சு என்று எளிதில் தள்ளிவிட முடியாது. ஏனெனில் சில நாடுகளின் சட்டங்களே இந்த வாதத்தை ஏற்றிருந்தன, சில இன்றும் ஏற்கின்றன. ஆயினும் மனித மனத்தின் கவனம் இயங்கும் விதத்தையும், சாலைச் சந்திப்பில் வண்டிகள் நகரும் விதத்தையும் பற்றி இன்று அறியப்பட்டிருப்பவற்றோடு வைத்துப் பார்க்கும்போது இந்த வாதம் ஊன்றி நிற்பதில்லை.

சிவப்பு விளக்கில் நிற்கும் ஓட்டுநர் செய்யும் வேலை வெளியே தெரியாத வேலை. அடுத்து எடுக்கப்போகும் பாதையை அவர் மனத்துக்குள் ஓயாமல் வரைந்தும் திருத்தியும் கொண்டிருக்கிறார். விமானிகளின் பணியை ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த ஒரு கருத்தை மிக்கா எண்ட்ஸ்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1995-இல் ஒழுங்குபடுத்திக் கூறினார். தமிழில் அதைச் சூழல் உணர்வு எனலாம். சுற்றிலும் இருப்பவற்றைக் காணுதல், கண்டவற்றின் பொருளை அறிதல், அடுத்த சில விநாடிகளில் அவை எவ்வாறு மாறும் என்று முன்கூட்டியே உணர்தல் என அதற்கு மூன்று படிகள் உண்டு. இவற்றுள் மூன்றாவது படியே விபத்தைத் தவிர்ப்பது. முதற்படியில் கண் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தாலன்றி அந்த மூன்றாவது படிக்கு ஏற முடியாது.

இந்திய நகரம் ஒன்றின் சந்திப்பை வைத்துப் பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நிறுத்தக் கோட்டில் ஒரு கார் வந்து நிற்கும்போது அதன் முன்னே வெறும் சாலைதான் இருந்திருக்கும்; அரை நிமிடத்துக்குள் இருபுற இடுக்குகளிலும் புகுந்து வந்த பத்துப் பன்னிரண்டு இருசக்கர வாகனங்கள் முன்னே அணிவகுத்திருக்கும். இடப்பக்கம் ஒரு மிதிவண்டி ஒட்டி நிற்கும். வரிசைகளுக்கு இடையே கைக்குட்டையோ பூவோ விற்பவர் நடந்துகொண்டிருப்பார். தாயின் கையைப் பிடித்த குழந்தை, முன்கண்ணாடியின் ஓரத்தூண் மறைக்கும் கோணத்தில் சாலையைக் கடந்துகொண்டிருக்கும். பின்னால் எங்கோ ஆம்புலன்ஸ் ஒன்று வழி கேட்டுக்கொண்டிருக்கும். நிற்கும்போது ஒருமுறை எடுத்துவைத்த மனப்படம் புறப்படும்போது பயன்படாது. அது விநாடிக்கு விநாடி பழசாகிக்கொண்டே இருப்பது. கைப்பேசித் திரையில் நாற்பது விநாடி கண்ணைப் பதித்திருந்து நிமிரும் ஓட்டுநர், தாம் நின்ற இடத்திலிருந்தே புறப்படுவதாக எண்ணுகிறார். உண்மையில் அவர் இதுவரை பார்த்திராத ஓர் இடத்திலிருந்து புறப்படுகிறார்.

இதற்கு மறுமொழியாக, பச்சை விழுவதற்கு முன்பே கைப்பேசியை வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கப்படும். இக்கேள்விக்கு நேரான விடையளிக்கும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவருடைய குழுவினரும், சாலைப் பாதுகாப்புக்கான ஏஏஏ அறக்கட்டளைக்காக நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு அது. காரில் பொருத்தப்பட்ட கருவிகளையும் கைப்பேசியின் குரல் உதவிகளையும் பேச்சின் வழியாக இயக்கும் ஓட்டுநர்களின் மனச்சுமையை அவர்கள் அளந்தார்கள். அளக்கும் முறை எளிமையானது: கண்ணின் ஓரத்தில் அவ்வப்போது ஒரு சிறு விளக்கு மினுக்கும்; அதைக் கண்டவுடன் ஓட்டுநர் விரலில் கட்டிய பொத்தானை அழுத்த வேண்டும்; எவ்வளவு தாமதமாக அழுத்துகிறார், எத்தனை முறை காணாமலே விடுகிறார் என்பதைக் கொண்டு, ஓட்டுதலுக்கு மிஞ்சியிருக்கும் கவனத்தின் அளவு கணிக்கப்படும்.

கருவியை இயக்கும்போது கவனம் குறைகிறது என்பதில் வியப்பில்லை. இயக்கி முடித்த பின்னரும் அது உடனே மீளவில்லை என்பதே அவ்வாய்வின் பெரிய கண்டுபிடிப்பு. மனத்துக்கு மிகக் குறைந்த சுமை தந்த கருவிகளில்கூடக் கவனம் பழைய நிலைக்கு வர 15 விநாடிக்கு மேல் ஆயிற்று. கடுமையான சுமை தந்தவற்றில் 27 விநாடிவரை ஆயிற்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 27 விநாடியில் 300 மீட்டர் கடந்துவிடும். அந்த 300 மீட்டரும் ஓட்டுநரின் கண் சாலையில், கை ஸ்டியரிங்கில், மனத்தின் ஒரு பகுதி மட்டும் வேறிடத்தில். ஆய்வில் பங்கேற்றவர்கள் குரலால் மட்டுமே கருவியை இயக்கினார்கள் என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். விரலால் தட்டி, கண்ணால் படித்து, படித்ததற்கு விடை தேடும் வேலையில் மனம் அதைவிட விரைவாக மீளும் என்று நம்புவதற்கு இடமில்லை. வண்டி சிக்னலில் நிற்பதுபோன்ற பாதுகாப்பாகத் தோன்றும் வேளையிலும் இக்கருவிகளை எச்சரிக்கையோடு கையாள வேண்டும் என்று அறக்கட்டளையே அப்போது அறிவுறுத்தியது.

ஏன் இவ்வாறு நேர்கிறது என்பதற்கு வேறொரு துறையிலிருந்து விளக்கம் கிடைக்கிறது. அலுவலகப் பணிகளைப் பற்றி ஆராய்ந்த சோஃபி லெராய் என்னும் அறிஞர் 2009-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஒரு வேலையிலிருந்து இன்னொரு வேலைக்கு மாறும்போது கவனம் முழுவதும் ஒருசேர மாறிவிடுவதில்லை, அடுப்பை அணைத்த பின்னும் கல் சூடாக இருப்பதைப்போல, முந்தைய வேலையின் நினைவு சிறிது நேரம் தங்கிவிடுகிறது. இதைக் கவன எச்சம் எனலாம். முந்தைய வேலை முடியாமல் நின்றிருந்தால் இந்த எச்சம் இன்னும் வலுவாக ஒட்டிக்கொள்கிறது. சிவப்பு விளக்கில் எடுக்கப்படும் கைப்பேசி வேலைகள் பெரும்பாலும் முடியாமல் நிற்பவை என்பது இங்கே பொருட்படுத்தத்தக்கது. ஏனென்றால் அவற்றை முடிக்கும் நேரத்தை ஓட்டுநர் தீர்மானிப்பதில்லை, விளக்கு தீர்மானிக்கிறது. பாதி எழுதிய விடை, படிக்காமல் விட்ட மூன்றாவது வரி, "உடனே கூப்பிடு" என்று மட்டும் வந்த செய்தி ஆகியவற்றோடுதான் வண்டி சந்திப்பைக் கடக்கிறது. வீட்டில் யாருக்கோ உடல்நலமில்லை என்று ஐயுற வைக்கும் ஒரு சொல்லைத் திரையில் கண்டுவிட்டு, அடுத்த நொடியே சாலையை மட்டும் நினைக்க எவராலும் இயலாது. அது மனத்தின் இயல்பு. அதற்காக யாரையும் பழிக்க வேண்டியதில்லை. அந்தச் சொல்லை அந்த இடத்தில் பார்க்காமல் இருக்க முடியும் என்பதே இங்கே முக்கியம்.

இரவில் இதனோடு கண்ணின் சிக்கலும் சேர்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் உள்ள ஒளிமிகுந்த திரையைப் பார்த்த கண், இருண்ட சாலையின் தொலைவுக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளச் சற்று நேரம் வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டப்பொருளிலிருந்து எட்டப்பொருளுக்குப் பார்வையை மாற்றுவதும் எளிதாக நடப்பதில்லை.

தனி ஓட்டுநரின் மனத்திலிருந்து வரிசைக்கு வரும்போது வேறொரு கணக்கு தொடங்குகிறது. பச்சை விழுந்ததும் வரிசையில் நிற்கும் வண்டிகள் எவ்வாறு புறப்படுகின்றன என்பதை அமெரிக்கப் பொறியாளர் புரூஸ் கிரீன்ஷீல்ட்ஸும் உடனாய்வாளர்களும் ஆராய்ந்து 1947-இல் யேல் பல்கலைக்கழகத்தின் வழியாக வெளியிட்டார்கள். முதல் வண்டி கோட்டைக் கடக்க 3.8 விநாடி எடுத்துக்கொள்கிறது, அடுத்தது 3.1, அதற்கடுத்தது 2.7, பிறகு 2.4, 2.2 எனக் குறைந்து, ஆறாவது வண்டியிலிருந்து ஏறத்தாழ 2.1 விநாடிக்கு ஒன்று என்ற சீரான ஓட்டம் அமைகிறது. தொடக்கத்தில் கூடுதலாகச் செலவாகும் இந்த விநாடிகளைத் தொடக்க இழப்பு நேரம் என்பர். எந்தச் சிக்னலுக்கும் எவ்வளவு நேரம் பச்சை தர வேண்டும் என்று கணக்கிடும் பொறியாளர்கள் இந்த இழப்பைக் கழித்துக்கொண்டே கணக்கிடுகிறார்கள். ஆனால் அவர்கள் கழிப்பது விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓட்டுநரின் இழப்பைத்தான்.

மேற்கண்ட அளவுகளின்படி, 30 விநாடிப் பச்சையில் ஒரு வரிசையிலிருந்து 12 கார்கள் கடக்கலாம். முதல் ஓட்டுநர் திரையிலிருந்து நிமிர 4 விநாடி தாமதித்தால் 10 கார்களே கடக்கும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை பச்சை வரும் சந்திப்பில் ஒவ்வொரு முறையும் இவ்வாறு நேர்ந்தால், ஒரு மணி நேரத்தில் ஒரே வரிசையில் 80 வண்டிகளுக்கான இடம் வீணாகும். கார், பேருந்து, ஆட்டோ, இருசக்கர வாகனம் எல்லாம் கலந்து ஓடும் இந்தியச் சாலையில், வரிசையே இல்லாத வரிசையில், இக்கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது என்பது உண்மை. இங்கே முன்னால் நிற்கும் கார் நகராவிட்டால் பின்னால் இருப்பவர்கள் காத்திருப்பதில்லை. இருபுறமும் வளைந்து அதைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். அவ்வாறு வளையும் இருசக்கர வாகனம் பக்கத்துப் பேருந்தின் பாதையில் புகுகிறது. ஆகவே, இங்கே நான்கு விநாடித் தாமதத்தின் விலை நேரத்தோடு மட்டும் முடிவதில்லை.

தாமதத்தைவிடக் கவலைக்குரியது, தாமதத்தை உணர்ந்த அடுத்த நொடி. பின்னாலிருந்து ஹாரன் ஒலிக்கிறது. திரையில் ஆழ்ந்திருந்தவர் திடுக்கிட்டு, நாலு பேர் முன்னிலையில் தவறு செய்துவிட்ட கூச்சத்தோடு, முதலில் ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டுப் பிறகே சாலையைப் பார்க்கிறார். ஹாரன் சத்தத்துக்குப் பொருள் "போ" என்பது மட்டுமே. போகும் வழியில் யாரும் இல்லை என்று அது உறுதி கூறுவதில்லை. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வலப்பக்கம் திரும்பும் வண்டிகளுக்கு மட்டும் அம்புக்குறி பச்சையாகும்போது பக்கத்து வரிசை நகர்கிறது. கடைக்கண்ணில் அந்த அசைவைக் கண்ட மாத்திரத்தில், தமக்கே பச்சை விழுந்துவிட்டதாக எண்ணி நேரே செல்ல வேண்டியவர் வண்டியை எடுத்துவிடுகிறார். தானியங்கிக் கியர் உள்ள கார்களில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது: கியர் ஓட்டுநிலையில் இருக்கும்போது பிரேக்கிலிருந்து கால் சற்றுத் தளர்ந்தாலே வண்டி மெல்ல ஊர்ந்து முன்னேறும். முன்னே வரிக்கோட்டில் கடந்துகொண்டிருப்பவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவரும் அறிந்திருக்க மாட்டார். நின்ற வண்டியும் ஓடக்கூடிய வண்டியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்வளவு இருந்தும், சட்டங்கள் இந்த இடத்தில் ஒரே குரலில் பேசுவதில்லை. சாலைப் போக்குவரத்து பற்றிய 1968-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையில் 2006-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், உறுப்பு நாடுகள் கையில் பிடிக்கும் தொலைபேசியைத் தடைசெய்ய வேண்டும் என்று கூறியது. ஆனால் அது குறிப்பிட்ட குறைந்தபட்ச வரம்பு, வண்டி நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் மட்டுமே. அதற்கு மேல் செல்வதை ஒவ்வொரு நாட்டின் விருப்பத்துக்கும் விட்டுவிட்டது. சக்கரத்தை அளவுகோலாகக் கொண்ட இந்த வாசகம் பலருக்கும் இயல்பானதாகவே தோன்றியிருக்கும்.

இந்த அளவுகோல் எவ்வளவு வழுக்கலானது என்பதை ஜெர்மனியில் நடந்தது காட்டுகிறது. அந்நாட்டுச் சாலை விதி, வண்டி நின்று எஞ்சினும் அணைக்கப்பட்டிருந்தால் தொலைபேசியைக் கையில் எடுக்கலாம் என்று கூறியது. எஞ்சினை அணைப்பவர் நீண்டநேரம் நிற்கப்போகிறவர், சாவியைத் திருப்பி அதை முடிவுசெய்தவர் என்ற எண்ணத்தில் எழுந்த விதியாக அது இருக்க வேண்டும். பிறகு, எரிபொருளைச் சேமிப்பதற்காகச் சிக்னலில் நின்றதும் எஞ்சினைத் தானே அணைத்து, கால் பெயர்ந்ததும் தானே இயக்கும் அமைப்பு கார்களில் வந்தது. அவ்வமைப்பு உள்ள காரில் சிவப்பு விளக்கின் முன் நின்று தொலைபேசியில் பேசிய ஒருவருக்கு டார்ட்முண்ட் நகர நீதிமன்றம் தண்டம் விதித்தது. ஹாம் நகரின் உயர் மண்டல நீதிமன்றம் 2014-இல் அதை மாற்றி அவரை விடுவித்தது. எஞ்சின் அணைந்திருக்க வேண்டும் என்றுதான் விதி கேட்கிறதே தவிர, அதைக் கை அணைத்ததா கருவி அணைத்ததா என்று அது பிரிக்கவில்லை என்பது நீதிமன்றத்தின் வாதம். சொல்லளவில் அத்தீர்ப்பில் குறைகாண முடியாது. சட்டத்தின் நோக்கம் எஞ்சினைப் பற்றியதாக இருந்ததே இல்லை, ஓட்டுநரின் கவனத்தைப் பற்றியது என்பதுதான் அங்கே நழுவிப்போனது. 2017 அக்டோபரில் விதி திருத்தப்பட்டு, எஞ்சின் தானாக அணைவது அணைப்பாகக் கொள்ளப்படாது என்று தெளிவாக எழுதப்பட்டது.

பிரான்சின் உச்ச நீதிமன்றம் 2018 ஜனவரியில் இன்னும் ஒரு படி மேலே சென்றது. சாலையிலேயே ஓரமாக அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு நின்றிருந்த கார்கூட, பழுதுபோன்ற தவிர்க்க முடியாத காரணத்தால் நின்றதாக இல்லாவிட்டால், போக்குவரத்தில் இருக்கும் வண்டியே என்று அது முடிவுசெய்தது. பிரிட்டனில் கையில் பிடிக்கும் தொலைபேசி 2003 டிசம்பரிலிருந்தே குற்றம். சிக்னலில் நிற்பதும் நெரிசல் வரிசையில் நிற்பதும் அதில் அடங்கும். 2017-இலிருந்து அங்கே 200 பவுண்டு தண்டமும் உரிமத்தில் 6 குற்றப்புள்ளிகளும் விதிக்கப்படுகின்றன. உரிமம் பெற்று இரண்டாண்டு நிறையாதவர்களுக்கு அந்த 6 புள்ளிகளே உரிமத்தை இழக்கப் போதுமானவை. 2022 மார்ச்சில் அச்சட்டம் மேலும் விரிந்து, படமெடுத்தல், பாட்டுப் பட்டியலைத் தள்ளுதல், விளையாடுதல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அவசர அழைப்புக்கும், நின்ற வண்டியிலிருந்து கடை வாயிலில் கைப்பேசியால் பணம் செலுத்துவதற்கும் விலக்கு அளித்தது. கலிபோர்னியாவில் 2011-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், சிவப்பு விளக்கில் நிற்பது ஓட்டுதலுக்கு நடுவே வரும் கணநேர இடைநிறுத்தம்தானே ஒழிய ஓட்டுதலின் முடிவு ஆகாது என்று தீர்ப்பளித்தது. இவற்றுக்கு மாறாக, ஃபுளோரிடாவின் சட்டம் நிற்கும் வண்டியில் செய்தி தட்டுவதைத் தடைசெய்யவில்லை. சிங்கப்பூரில் 2015 பிப்ரவரியில் கடுமையாக்கப்பட்ட சட்டமும் நகரும் வண்டிக்கு உரியதாகவே எழுதப்பட்டது.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 2019-இல் திருத்தப்பட்டபோதுதான், கையில் பிடிக்கும் தகவல் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது அபாயகரமாக ஓட்டுதல் பற்றிய 184-ஆம் பிரிவுக்குள் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டு, கேரள உயர் நீதிமன்றம், பொதுமக்களுக்கு அபாயம் விளையாதவரை ஓட்டும்போது பேசுவதை மட்டும் வைத்து அம்மாநிலக் காவல் சட்டத்தின்கீழ் ஒருவரைத் தண்டிக்க முடியாது என்று கூறியிருந்ததை நினைத்தால், இத்திருத்தம் எவ்வளவு தேவையாக இருந்தது என்பது விளங்கும். 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதி, வழி காட்டும் வரைபடத்துக்காக மட்டும், அதுவும் ஓட்டுநரின் கவனம் குலையாத வகையில், கருவியைப் பயன்படுத்த இடமளித்தது. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் உயர்த்தப்பட்ட தண்டப் பட்டியலின்படி முதல் முறைக்கு 1,000 ரூபாயும், மீண்டும் பிடிபட்டால் 10,000 ரூபாயும் செலுத்த வேண்டும். இச்சட்டப்பிரிவின் சொல் "ஓட்டும்போது" என்பதே. சிவப்பு விளக்கு அதில் தனியே குறிப்பிடப்படவில்லை. ஜெர்மனி பட்ட பாட்டைப் பார்க்கும்போது, ஒரே ஒரு விளக்க வரியைச் சேர்த்து இதை ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுவது நல்லது. 2020-இல் டெல்லி அரசு, காற்று மாசைக் குறைப்பதற்காகச் சிக்னலில் எஞ்சினை அணைக்குமாறு இயக்கம் நடத்தியது. அத்தகைய நல்ல பழக்கம் பரவும்போது, எஞ்சின் அணைந்த வண்டி ஓட்டப்படும் வண்டிதானா என்ற கேள்வி இங்கும் எழக்கூடும்.

விபத்துப் புள்ளிவிவரங்கள் இந்த இடத்தில் பெரிதும் உதவுவதில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2021-இல் இந்தியச் சாலைகளில் 1,53,972 பேர் இறந்தார்கள். அவர்களுள் கைப்பேசிப் பயன்பாட்டால் இறந்தவர்களாகக் கணக்கில் வந்தவர்கள் 1,040 பேர். நூற்றுக்கு ஒருவரும் இல்லை என்று இதைக்கொண்டு ஆறுதல் அடைவது பிழை. குடித்திருந்தால் மூச்சு காட்டிக்கொடுக்கும். வேகமாக வந்திருந்தால் தார்ச்சாலையில் டயரின் தடம் காட்டிக்கொடுக்கும். கவனம் வேறெங்கோ இருந்ததற்கு அப்படி ஒரு தடயம் கிடையாது. விபத்துக்குப் பின் கைப்பேசி மீண்டும் சட்டைப்பைக்குள் போய்விடுகிறது. நிற்கும்போது படித்த செய்தியின் நினைவில் இருநூறு மீட்டர் தள்ளிப் போய் மோதியவர், மோதும்போது கைப்பேசியைத் தொட்டிருக்கவே மாட்டார். ஆகவே அந்த விபத்து எந்தக் கணக்கேட்டிலும் கைப்பேசியின் பெயரில் எழுதப்படாது.

கைப்பேசியைப் பொழுதுபோக்காக எடுப்பவர்களையும், அதைத் தொழிற்கருவியாகச் சுமப்பவர்களையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமாகாது. உணவும் மளிகையும் கொண்டு சேர்க்கும் இளைஞர்களுக்கும், செயலி வழியாகச் சவாரி பெறும் ஆட்டோ, கார் ஓட்டுநர்களுக்கும், அடுத்த வேலை திரையில்தான் வருகிறது. வந்த சில விநாடிகளுக்குள் ஏற்காவிட்டால் அது இன்னொருவருக்குப் போய்விடுகிறது. வாடிக்கையாளர் எங்கே இருக்கிறீர்கள் என்று அழைத்துக்கொண்டே இருக்கிறார். அவர்களுக்குச் சிவப்பு விளக்கு ஒன்றுதான் கையை விடுவிக்கும் நேரம். தலைக்கவசத்துக்கும் கன்னத்துக்கும் இடையே கைப்பேசியைச் செருகிக்கொண்டு, கழுத்தைச் சாய்த்தபடியே புறப்படும் இளைஞரிடம் ஆயிரம் ரூபாய் தண்டம் வாங்குவதால் அவரது அன்றைய கூலி போகுமே தவிர, மறுநாள் அவர் அதையே செய்ய வேண்டியிருக்கும் நிலை மாறாது. வண்டி பயணத்தில் இருக்கும்வரை புதிய அழைப்பை நிறுத்திவைக்கவும், ஓரங்கட்டி நின்ற பிறகே ஏற்கும் பொத்தானைத் திறக்கவும், அந்தத் தாமதத்துக்காக ஓட்டுநரின் வருவாயையோ தரமதிப்பையோ குறைக்காமல் இருக்கவும் செயலிகளை அமைக்க முடியும். வண்டி எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு நொடியும் அறிந்திருக்கும் நிறுவனங்களுக்கு இது இயலாத காரியமே ஆகாது. தமிழ்நாட்டில் இத்தகைய தொழிலாளர்களுக்கென 2023-இல் நலவாரியம் அமைக்கப்பட்டிருக்கிறது. அது எடுத்துப் பேசத்தக்க கோரிக்கைகளுள் இது முன்வரிசையில் இருக்க வேண்டும்.

காரில் உடன் வருபவரோடு பேசுவதும் கவனத்தைச் சிதறடிக்காதா, அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள் என்ற கேள்வி அடிக்கடி எழுப்பப்படுகிறது; அது நியாயமான கேள்விதான். ஸ்ட்ரேயரின் குழுவினர் 2008-இல் வெளியிட்ட இன்னோர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. உடன் அமர்ந்திருப்பவரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்; நெருக்கடி வரும்போது பேச்சை நிறுத்துகிறார், சில வேளை சாலையைப் பற்றியே பேசி எச்சரிக்கிறார். தொலைபேசியின் மறுமுனையில் இருப்பவருக்குச் சாலை தெரியாது. செய்தியாக வந்து திரையில் நிற்கும் எழுத்துக்கோ எதுவுமே தெரியாது.

இரண்டு நிமிடச் சிவப்பில் மீதி விநாடிகளை எண்ணிக்காட்டும் பலகையை வைத்துக்கொண்டு, முதல் நூறு விநாடியைக் கைப்பேசிக்குக் கொடுத்தால் என்ன என்பது இன்னொரு வாதம். எண்ணிக்கை முடிய அரை நிமிடம் இருக்கும்போதே கைப்பேசியை அணைத்துவிடும் மனவுறுதி உள்ளவருக்கு இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அத்தகைய உறுதி உள்ளவர் முதல் நூறு விநாடியிலும் அதை எடுக்காமல் இருந்துவிடுவார் என்பதே நடைமுறை. மேலும், எண்பலகை வண்டிகளுக்கான நேரத்தைக் காட்டுகிறது. சாலையில் இருக்கும் மனிதர்களின் நேரத்தை அது அறியாது.

நடப்பவர்கள் சாலையைக் கடக்க எவ்வளவு நேரம் தர வேண்டும் என்பதைப் பொறியாளர்கள் வழக்கமாக விநாடிக்கு 1.2 மீட்டர் நடை என்ற அளவைக் கொண்டு கணக்கிடுகிறார்கள். 20 மீட்டர் அகலச் சாலைக்கு அது ஏறத்தாழ 17 விநாடி. முழங்கால் வலியோடு, கையில் காய்கறிப் பையோடு, விநாடிக்கு 0.8 மீட்டர் மட்டுமே நடக்கக்கூடிய மூதாட்டி ஒருவருக்கு அதே சாலையைக் கடக்க 25 விநாடி வேண்டும். நடப்பவர்களுக்கான பச்சை தொடங்கியதுமே அவர் இறங்கி நடந்தாலும், 17-ஆம் விநாடி முடியும்போது அவருக்கு முன்னே இன்னும் 6 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டு கார்களின் வழித்தடங்கள், எஞ்சியிருக்கும். வண்டிகளுக்குப் பச்சை விழும்போது அவர் அங்கேதான் இருப்பார், முன்வரிசையில் நிற்கும் காரின் முகப்புக்கு நேரே, அதன் ஓட்டுநர் தம்மைப் பார்த்துவிட்டார் என்று நம்பியபடி அடுத்த அடியை எடுத்துவைத்துக்கொண்டு.